பூஜை நாளில் எழுதாத விரிசல்

நான் கடலுக்குள் போனதில்லை. ஆனால் கடல் நடுவே நிற்கிற சில படிக்கட்டுகளுக்கான காகிதங்களில் என் கையெழுத்து இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சம்பா வயலும் உப்புக்காற்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் எங்கள் யார்டு. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு இரும்பு வேலை செய்கிறோம். எண்ணெய்க் குழாயோ எந்திரமோ அல்ல. மனிதன் ஏறவும் இறங்கவும், பிடித்துக்கொள்ளவும், தீப்பிடித்தால் ஓடவும் வேண்டியவை மட்டும். படிக்கட்டுக் கோபுரம், கூண்டு ஏணி, கைப்பிடி, காலுக்கு அடியில் அலை தெரிகிற கம்பித் தளம். நான் அங்கே தர ஆய்வாளன். மற்றவர்கள் செய்து முடித்ததைச் சந்தேகப்படுவது என் வேலை.

சந்தேகத்தைத் தொழிலாக வைத்துக்கொண்டவன் அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வீட்டுக்குள் போக முடியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் என் வீடு. காலையில் பஸ் ஏறும்போது படியின் வெல்டைப் பார்ப்பேன். ஒவ்வொரு வாய்க்கால் பாலத்திலும் கைப்பிடிச் சுவரின் கீறல்களை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் மேசையின் கால் மூட்டில் கண் போகும். இப்படி உட்காரவும் நிற்கவும் விடாத ஒன்று எனக்குள் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. அது நடந்த பாதையில்தான் அந்தக் கோடும் அகப்பட்டது. அகப்பட்டதைத் தவற விட்டவனும் நான்தான்.

இரும்பில் விழுகிற விரிசல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வைக்க இரண்டு டப்பாக்கள் உண்டு. ஒன்றில் சிவப்புச் சாயம். வெல்டின் மேல் அதை அடித்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டாவது டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடியை அடித்தால், ஒளிந்திருந்தது மெல்லக் கசிந்து வெளியே வரும். வெள்ளையின் மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது திருநீறு பூசிக் குங்குமம் வைத்த நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. அழகாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு நாங்கள் செய்தது ஒரு பெரிய படிக்கட்டுக் கோபுரம். அதன் அடியில், அலை தொடும் உயரத்தில், ஓர் இறங்குதளம். கரையிலிருந்து வரும் படகு மேடையோடு கட்டப்படாது. அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே நிற்கும். அலை உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில், மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் தாவ வேண்டும். தாவியவனின் கால் முதலில் படுவது அந்தத் தளத்தில். தளத்தைத் தாங்குவது கோபுரத்தின் காலிலிருந்து நீளும் ஆறு பிராக்கெட்டுகள், பக்கத்துக்கு மூன்றாக. உள்ளங்கை விரித்துத் தட்டை ஏந்துகிற மாதிரி இருக்கும். ஆறில் ஒன்று விட்டுக்கொடுத்தால் தளத்தின் மூலை சாயும். சாய்ந்தால் ஆள் விழுவது படகுக்கும் இரும்புக்கும் நடுவில்.

அந்த பிராக்கெட்டுகளை வெல்டு செய்தவர் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள். அவர் ஐ.டி.ஐ. முடித்து, வளைகுடாவில் கப்பல் பட்டறையில் சில ஆண்டுகள் இருந்து, திரும்பி வந்து, சொந்தமாக இரண்டு மா நிலமும் வாங்கினார். யார்டில் அவர் கைதான் முதல் கை. அவருக்கும் அது தெரியும்.

"அண்ணே, நீங்க பொண்ணு பாக்கப் போனப்பகூட அண்ணி மூஞ்சில சாயம் அடிச்சுத்தான் பாத்திருப்பீங்க" என்பார் என்னிடம்.

"பாத்தேன் தம்பி. பாஸ் ஆயிட்டாங்க. அவங்க என்னைய டெஸ்ட் பண்ணாம விட்டதுதான் தப்பு."

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அந்த ஆறில் இரண்டில் கோடு கண்டேன். அவர் முகம் கறுத்தது. விரிசலைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டு செய்தார். இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன், சரியானதும் டிக் அடித்தேன். அதுதான் எங்கள் முறை: கோடு கண்ட இடத்தில் வெள்ளைப் பொடியை அப்படியே விட்டு, சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். இரும்பில் இருப்பது வெல்டருக்கு, ஏட்டில் இருப்பது எல்லோருக்கும்.

பூஜை நாள் வந்தது. கிரேனின் கால்களில் வாழைக்கன்று. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். வெல்டிங் மெஷினிலிருந்து துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கழுவித் துடைக்கிற பெண்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தலைமை ஓர் அக்கா. யார்டு வருவதற்கு முன்னால் இதே மண்ணில் நடவு செய்தவர். காலை ஒன்பது மணிக்குக் கையில் தாம்பாளத்தோடு என் மேசைக்கு வந்துவிட்டார்.

"சார், நோட்டையும் பேனாவையும் குடுங்க. சாமிகிட்ட வைக்கணும்."

"கொஞ்சம் பொறுங்கக்கா, அப்புறமா தர்றேன்."

"நல்லா இருக்கே! பத்தரைக்குள்ள வச்சாகணும். வருஷம் முழுக்க எங்க புள்ளைங்க வேலையத் தப்பு தப்புன்னு எழுதுறீங்க. இன்னைக்கி ஒரு நாளாவது கையக் கட்டிக்கிட்டு பொரியத் தின்னுட்டு சும்மா இருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பதிவேட்டைக் கொடுத்தேன். அட்டையில் மூன்று விரல் சந்தனம் இழுத்து, படத்துக்கு முன்னால் அடுக்கிய புத்தகங்களின் மேல் வைத்தார். மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை அதைத் தொடக்கூடாது. எழுதக்கூடாது, படிக்கக்கூடாது.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பூஜைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மனைவி எடுத்துக் கொடுத்த புதுச் சட்டை, வெளிர் சந்தன நிறம், முழுக்கை. டப்பாக்களை எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போனேன். அது அப்போது யார்டில் படுத்த வாக்கில் கிடந்தது, மணலில் ஒதுங்கிய ஏதோ மிருகத்தின் விலா எலும்புபோல. மற்ற நான்கு பிராக்கெட்டுகளை முதல் முறை பார்த்தபோதே தேறியவை என்று முடித்திருந்தேன். அதில் ஒன்று மட்டும் முந்தைய வாரத்திலிருந்தே மனசில் நெருடிக்கொண்டிருந்தது. அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துச் சாயம் அடித்தேன். துடைத்தேன். வெள்ளை அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது கோடு வந்தது. கட்டைவிரல் நீளம். முந்தைய இரண்டைவிட நீளம்.

சாக்பீஸால் வட்டம் போட்டேன். எழுதப் பதிவேடு இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருக்கலாம். செல்போனில் படம் எடுத்திருக்கலாம். வெல்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. பூஜையன்று எழுதினால் படிப்பு போய்விடும் என்று ஏழு வயதில் விழுந்த ஒரு பயம், நாற்பத்தெட்டு வயதுக்காரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெல்டரோ புதுவேட்டி கட்டிக்கொண்டு பூசணிக்காய்க்குள் குங்குமம் கரைத்துக்கொண்டிருந்தார். நல்ல நாளில் அவர் முகத்தைக் கறுக்க வைப்பானேன் என்றும் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம். இரும்பில் அடையாளம் இருக்கிறதே, எங்கே போய்விடும்?

பூசணிக்காய் உடைந்தது. பொரி தின்றோம். மத்தியானம் வானம் கறுத்தது. வீட்டிலிருந்து போன்.

"வடிகால் அடைச்சுக் கெடக்குங்க. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. பயிரு நுனிதான் தெரியுது. உடனே வாங்க."

நேரடி விதைப்பு. முளைத்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகாத பயிர். பஸ்ஸில் போகும்போதே இரண்டு பக்கமும் வயல் குளமாகிக்கொண்டிருந்தது. நான்கு நாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வடிகாலில் ஆகாயத்தாமரை இழுத்தோம். அந்த நான்கு நாட்களும் என் தலைக்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. ஐந்தாம் நாள் யார்டுக்குத் திரும்பியபோது கோபுரத்துக்குத் துரு போக மணல் அடித்து முதல் பூச்சு ஏறியிருந்தது. ஒரே சாம்பல் நிறம், ஒரு மாசு மரு இல்லாமல். பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு குறைகள், இரண்டு டிக். பெயிண்ட் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மழை, மழை விட்டு மார்கழிப் பனி. கோபுரம் மஞ்சள் பூச்சும் ஏறி, நிமிர்த்தி நிறுத்தப்பட்டு, கடல் அடங்கக் காத்திருந்தது. பொங்கல் கழிந்த மறுவாரம் துறைமுகத்தில் பார்ஜ் என்கிற தட்டைக் கப்பலில் ஏற்றுவதாக நாள் குறித்தார்கள். கடலில் கொண்டுபோய்ப் பொருத்த யார்டிலிருந்து ஆறு பேர். முதல் ஆள் அந்த வெல்டர். அவருக்கு அதில் பெருமை. முதல் முறையாகத் தான் செய்ததன் மேல் தானே ஏறப்போகிறார்.

ஏற்றும் நாள் காலையில், தையின் முகூர்த்தத்துக்காக மனைவி பீரோவைத் திறந்து அந்தச் சந்தன நிறச் சட்டையை எடுத்தாள்.

"இந்தப் பாருங்க, கைமடிப்புல. மூணு தரம் ஊறப் போட்டுட்டேன். போகவே மாட்டேங்குது."

"பூஜையில பட்ட குங்குமம்."

"குங்குமமா? குங்குமம்னா ஒரு தொவையல்ல போயிடுமே. இது உங்க பட்டறைச் சாயம். உங்க பழைய சட்டையெல்லாம் இப்படித்தான் பாழாப் போச்சு. புதுசுமா?"

சட்டையைக் கையில் வாங்கினேன். மிளகளவு சிவப்பு. அந்தச் சட்டையை நான் ஒரே ஒரு நாள்தான் போட்டிருக்கிறேன். அந்த நாளில் பதிவேடு சாமியிடம் இருந்தது. அப்படியென்றால் பதிவேடு இல்லாத நேரத்தில் நான் சாயம் தொட்டிருக்கிறேன். எங்கே? எதற்கு? மல்லாந்து படுத்த முதுகில் மண் குத்தியது முதலில் நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்தக் கோடு வந்தது, வெள்ளைப் பொடியில் கசிந்த மாதிரியே மெல்ல, ஓரத்திலிருந்து.

மனைவி ஏதோ கேட்டாள். வாசலில் பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் அடுத்த பஸ்ஸில் இருந்தேன். வழியெல்லாம் பனி. அறுவடைக்கு நின்ற வயல்கள் வெள்ளைத் துணி மூடிக் கிடந்தன.

யார்டில் கோபுரம் ஏற்கெனவே நீண்ட டிரெய்லரின் மேல் ஏறி, சங்கிலி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. வெல்டர் பையோடு நின்றுகொண்டிருந்தார். தனியே அழைத்துச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"போங்கண்ணே. என்னைய வழியனுப்ப வந்து இதான் சொல்றதா?"

"விளையாடல தம்பி."

"எதுல?"

"அதான் ஞாபகம் இல்ல. பழுது பாக்காம விட்டது நாலு. அந்த நாலையும் நான் மொதல்லயே பாஸ்னு எழுதிட்டேன். அந்த நாலுல ஒண்ணு."

அவர் சிரிப்பு நின்றது. முகம் கறுக்கவில்லை, வெளுத்தது. "அப்ப சாக்பீஸ் வட்டம் எங்க போச்சு? பெயிண்டுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து பாத்தேனே. சுத்தமா இருந்துச்சே."

சுத்தமாக இருந்தது. அந்த வார்த்தையில் எனக்குப் பொறி தட்டியது. கழுவுகிற அக்காவைத் தேடிப் போனோம். குழாயடியில் சாக்குத் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"பூஜையன்னிக்கி அந்தக் கோபுரத்தக் கழுவுனீங்களாக்கா?"

"கழுவாம? எல்லாத்தையும்தான் கழுவி விட்டோம். நீங்க பூஜைக்கு மொகம் கழுவப் போனீங்களே, அப்ப."

"அடியில வெள்ளையா ஏதாவது..."

"ஆமா சார், இருந்துச்சு. வெள்ளையா பூசி நடுவுல செவப்பா இழுத்திருந்துச்சு. யாரோ அவசரத்துக்குத் திருநீறு பூசிக் குங்குமம் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். கோணலா வேற இருந்துச்சு. சாமி காரியத்த இப்படியா பண்ணுவாங்கன்னு நல்லாத் தேச்சுக் கழுவிட்டு, நானே சந்தனம் வச்சு அழகா வட்டப் பொட்டு வச்சேன்." எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டார். "ஏன் சார்? தப்பா?"

எந்த இடம் என்று அவரைக் காட்டச் சொன்னோம். டிரெய்லரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அன்று கோபுரம் படுத்திருந்தது, இன்று நிற்கிறது. தலைக்கு மேல் இருந்தது இப்போது எந்தப் பக்கம் என்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் கடல் பக்கத்து மூன்றையும் சேர்த்துக் காட்டினார். "இந்த வரிசைதான். இதுல எதுன்னு மட்டும் கேக்காதீங்க சார், பொய் சொல்லிடுவேன்." அந்த வரிசை மூன்றும் நான் முதலிலேயே பாஸ் எழுதியவை. கணக்கு சரியாக விழுந்தது.

மானேஜர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப உங்க சட்டையில மட்டும்தான் இருக்கு." சுவரில் தொங்கிய கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்தார். "கடல் ஏத்தம் ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள பார்ஜ்ல ஏறலைன்னா அடுத்த நல்ல ஏத்தம் பதினஞ்சு நாள் கழிச்சு. அதுவரைக்கும் அங்க ஆளுங்க பழைய ஏணியிலதான் ஏறி எறங்கணும். அது இதவிட மோசம், உங்களுக்கே தெரியும். முடிஞ்சவரைக்கும் சொரண்டிப் பாருங்க."

வெல்டரே கிரைண்டரை எடுத்தார். முதல் பிராக்கெட்டில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினார். இரும்பு வியர்த்தது. தைப் பனி இறங்கின இரும்பில் சாயம் பிடிக்காது. துணியால் துடைத்து, விளக்குச் சூட்டில் காயவைத்து, தார்ப்பாய் பிடித்து மறைத்துச் சாயம் அடித்தோம். வெள்ளை அடித்துக் காத்திருந்தோம். மூன்று பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். கோடு இல்லை.

இரண்டாவது. அதிலும் கோடு இல்லை.

மூன்றாவது, டிரெய்லரில் கோபுரத்தைத் தாங்க வைத்திருந்த பெரிய மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கக் கட்டைக்குள். பார்க்க வேண்டுமானால் கிரேனால் தூக்க வேண்டும். பெரிய கிரேன் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போயிருந்தது, இதே கோபுரத்தை அங்கே பார்ஜில் இறக்க.

அதற்கப்புறம் நடந்ததை நான் பலவிதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நடந்தது ஒன்றுதான். அனுமதிக் காகிதத்தில், "கடல்பக்க மூன்றாம் பிராக்கெட் மறுஆய்வு செய்யப்படவில்லை, பொருத்தியதும் பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம். போட்டேன். அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றும் என்று எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வரி யாருடைய காலுக்கடியிலும் நிற்காது.

வெல்டரின் பையில் சாய டப்பாவையும் பொடி டப்பாவையும் வைத்தேன்.

"நான் பாத்துக்கறேண்ணே" என்றார். "என் கைவேலதான். நானே பாக்கறேன்."

"பாக்கற வரைக்கும் அந்த மூலையில கால வைக்காதீங்க."

"கடல்ல குதிக்கறப்ப மூலை பாத்தா குதிக்க முடியும்?"

டிரெய்லர் நகர்ந்தது. மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முன்னால் நடந்தார்கள். அறுவடை மெஷினை நிறுத்திவிட்டு வயலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தேர் போகிற வேகம். வயதான ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார்.

துறைமுக வாசலில் பையைச் சோதித்துவிட்டு, அழுத்தம் அடைத்த டப்பா கடலுக்குப் போகக்கூடாது என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை அவர் என்னிடம் சொன்னது மூன்று நாள் கழித்து, மேடையிலிருந்து. அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன். ஆளுக்குச் சில நிமிஷம். பின்னால் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள்.

"பொருத்தியாச்சுண்ணே. நல்லா உக்காந்துச்சு."

"மூணாவது?"

"அலை மேல மேல அடிக்குது. எட்டிப் பாத்தா தண்ணிதான் தெரியுது. அடியில எறங்கணும்னா கயிறு கட்டி எறங்கணும், அதுக்குத் தனிப் பர்மிஷன். சூப்பர்வைசர்கிட்ட உங்க பேப்பரக் காமிச்சேன். 'கடல் அடங்கட்டும்'ங்கறாரு. வச்சுடறேன், ஆளு நிக்கறான்."

கடல் அடங்கவில்லை. பருவம் தவறிய ஒரு காற்றழுத்தம் உருவாகி, நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். சாய்ந்த கதிரின் மேல் மழை. ஊரே நெல் முளைத்துவிடும் என்று அழுதுகொண்டிருந்தது. என் வயலிலும் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. நான் வரப்பில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நெல்லு போனா அடுத்த போகம் இருக்குங்க" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க நெல்லப் பாக்கல."

"இல்ல."

இரவு பகல் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. மழை ஓட்டில் விழும் சத்தத்தில் எங்கோ இரும்பு முனகுவதைக் கேட்டேன். நெளிந்து நெளிந்து நீளும் ஒரு கோட்டை, கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு அலையும் அதை ஒரு முடி அளவு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் கூண்டை இறக்கினார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. குரலில் மூச்சு வாங்கியது.

"அண்ணே, பாத்துட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டப்பா தேவப்படல. காலையில கடல் இறங்கியிருந்துச்சு. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு கவுந்து பாத்தேன். மஞ்சப் பெயிண்டு மேல செவப்பா ஒரு கோடு, துரு. உள்ளேருந்து வழிஞ்சு எறங்குது. கையகலம். உப்புத்தண்ணியே டெஸ்ட் பண்ணிக் குடுத்துடுச்சு."

"ஆளுங்க?"

"அதான் சொல்ல வர்றேன். ஆள் மாத்துற படகு கிளம்பி வந்துக்கிட்டு இருந்துச்சு. பதினோரு பேரு. சூப்பர்வைசர்கிட்ட ஓடினேன். 'துருவப் பாத்தெல்லாம் பயப்படுவியா, கடல்ல துருப்புடிக்காம பூவா பூக்கும்'னாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. படகு கிட்ட வந்துடுச்சு. நான் என் செவப்புத் துண்ட அவுத்துக்கிட்டு எறங்கிப் போயி படியில குறுக்க நின்னுட்டேன். ஆட்டிக்கிட்டே நின்னேன். படகுக்காரருக்கு என்ன தோணுச்சோ, திருப்பிட்டாரு. அப்புறம் கிரேன்ல கூடை எறக்கி ஒவ்வொருத்தரா தூக்குனாங்க. ஒருத்தன் விடாம திட்டுனாங்க என்னைய. கூடையில வந்தா வாந்தி வருதாம்."

"படியில எங்க நின்னீங்க?"

"எங்க நிக்கறது? அதுமேலதான்."

அவருக்குப் பின்னால் யாரோ நேரமாகிவிட்டது என்றார்கள். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மறுபடி அழைத்தார். இரவு அலை கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் தளத்தின் கடல்பக்க மூலை தொங்கிக்கொண்டிருந்தது. பிராக்கெட் காலோடு ஒட்டிய இடத்தில் பிய்ந்து, கம்பித் தளம் மடங்கி, தண்ணீருக்குள் போய் வந்துகொண்டிருந்தது. "நாய்க்காது மாதிரி ஆடுதுண்ணே" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மொத நாளு பொருத்தி முடிச்சதும், என் வேலையாச்சேன்னு, நான்தாண்ணே அதுமேல முதல்ல குதிச்சேன். ரெண்டு தரம். சத்தம் எப்படி இருக்குன்னு பாக்க."

அவர் கரைக்கு வந்த நாளில் நான் துறைமுகத்துக்குப் போனேன். அவர்தான் முதலில் பேசினார். "எனக்கு உங்க மேல கோவம் இல்லண்ணே. கிராக் என் கையில விழுந்தது. நீங்க கண்டுபுடிச்சீங்க, விட்டுட்டீங்க. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி." டீக் குடித்தோம். முன்பு என்னைக் கிண்டல் செய்ய ஆயிரம் வைத்திருந்தவர், அன்று கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் என் சாயத்தைப் பற்றி ஒரு கேலிகூடச் சொன்னதில்லை.

அன்றே யார்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். பூஜைக்கு முந்தைய நாளின் பதிவுக்கும் ஐந்து நாள் கழித்து எழுதியதற்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருந்தது. அட்டையில் சந்தனம் காய்ந்து மூன்று விரல் தடமாக நின்றது. அந்த வெற்று வரியில், இன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்குக் கண்டதை எழுதினேன். மானேஜர் பார்த்தார். யார்டில் ஒரு புது முறை வந்தது: பூஜையில் வைக்கப் புதிதாக ஒரு நோட்டு, பதிவேடு என்னிடமே இருக்கும்.

அடுத்த ஆயுத பூஜையன்று அக்கா தாம்பாளத்தோடு வந்தார். பதிவேட்டைக் கேட்கவில்லை. தண்ணீர் வாளியைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு யார்டு முழுக்க நடந்தார். ஒவ்வொரு இரும்பிலும் எங்கெல்லாம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று விரலால் காட்டினார்.

"இது பூஜைக்கு வச்சதா சார், நீங்க வச்சதா?"

"அது சுண்ணாம்பு."

"இது?"

"பறவை எச்சம்."

"இது?"

அப்படிக் கேட்டுக்கொண்டே வந்தவர், நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், நான் இந்த யார்டுக்கு வந்து ஒம்பது பூஜை ஆச்சு. ஒவ்வொரு பூஜைக்கும் நான்தான் கழுவுனேன். ஒவ்வொரு பூஜைக்கும் உங்க நோட்டு சாமிகிட்டதான் இருந்துச்சு."

"தெரியும்க்கா."

"அந்த நாள்லயெல்லாம் நீங்க இப்படி சும்மா இருக்க முடியாம டப்பாவத் தூக்கிக்கிட்டுப் போனீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எத்தனை பூஜைகள், எத்தனை கோபுரங்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கடலில் இப்போது நிற்கிறது, அதன் மேல் யாரோ தாவிக்கொண்டிருக்கிறார்கள். சில நாட்களில் போயிருப்பேன். சில நாட்களில் போகாமல் இருந்திருப்பேன். அந்தச் சட்டைகள் ஒன்றும் இப்போது வீட்டில் இல்லை. சாயம் பட்ட சட்டைகளைக் கிழித்து, வெல்டு துடைக்கிற துணியாக நானே யார்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அவர் வாளியைத் தூக்கவில்லை. கிழக்கேயிருந்து காற்று வந்து, கிரேனில் கட்டியிருந்த வாழைக்கன்றைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது.